மெம்பர் வெளியூர் போயிருக்கிறார்

ஆலங்கரைக் கொம்யூன் பஞ்சாயத்தின் கீழ்க்கோடி வார்டு மெம்பர் பஞ்சநாதன் செத்துப்போனார். சம்பந்தி வீட்டு விசேஷத்துக்கென்று பேரளம் போனவர், பந்தியில் உட்கார்ந்து பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். வாடகைக் காரில் கிடத்தி ஊருக்குக் கொண்டுவந்தார்கள். பந்தல் போட்டு, பறையடித்து, ஊரே திரண்டு கொண்டுபோய் எரித்துவிட்டு வந்தது. கொம்யூன் தலைவர் அம்பலவாணன் ஆளுயர மாலையோடு வந்து பாடையைப் பிடித்துக்கொண்டு கதறினார். கமிஷனர் சிதம்பரநாதன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சுடுகாடு வரைக்கும் வெயிலில் நடந்தார். இதெல்லாம் எழுபத்துநாலாம் வருஷம், ஆடி மாதம். ஆனால் பஞ்சநாதன் செத்தது கொம்யூனுக்குத் தெரியாது. கேலிப் பேச்சில்லை இது, கொம்யூனே தன் வாயால் சொன்னது.

அது தெரியாமல் போய் மாட்டிக்கொண்டவன் காத்தமுத்து. கீழ்க்கோடியில் அவனுக்கு மூன்று மா நிலம். வாய்க்காலுக்கு அதுதான் கடைமடை. வாய்க்காலின் குறுக்கே ஒரு மதகு உண்டு. மதகில் பலகை இருந்தால் தண்ணீர் தேங்கி, கிளை வாய்க்காலில் ஏறி வயலுக்கு வரும். பலகை இல்லாவிட்டால் நேரே ஓடிக் கடலில் விழும். அந்தப் பலகை உளுத்துப் பிய்ந்துகொண்டு போய்விட்டது. கடலுக்கு ஏற்கெனவே போதுமான தண்ணீர் இருக்கிறது என்பது காத்தமுத்துவின் அபிப்பிராயம். சம்பாவுக்கு நாற்று விட்டாயிற்று, நடவுக்குத் தண்ணீர் வேண்டும். மதகுக்குப் பலகை போடவேண்டியது கொம்யூன். போடுங்கள் என்று கேட்கத்தான் அவன் மேரிக்குப் போனான்.

மேரி என்பது பிரெஞ்சுக்காரன் கட்டிவிட்டுப் போன மன்றக் கட்டடம். அவன் மூட்டை கட்டி இருபது வருஷமாகியும் ஊர்க்காரர்கள் கட்டடத்தை மேரி என்றும் தலைவரை மேர் என்றும்தான் சொல்வார்கள். உள்ளே நடப்பதும் பெரிதாக மாறிவிடவில்லை.

"மதகுக்குப் பலகையா? உங்க வார்டு மெம்பர் கேக்கணும்பா. மன்றத்துல அவருதான் எடுத்துச் சொல்லணும்" என்றார் சிதம்பரநாதன்.

"ஐயா, அவருதான் செத்துட்டாருங்களே."

சிதம்பரநாதன் நிமிர்ந்து பார்த்தார். "யாரு சொன்னா?"

காத்தமுத்துவுக்குக் காது அடைத்துவிட்டது போலிருந்தது. "ஐயா, நீங்க சுடுகாட்டுக்கு வந்தீங்களே. அனல் அடிக்குது, தள்ளி நில்லுங்கன்னு நாந்தானுங்களே கையைப் புடிச்சு இழுத்தேன்."

"அது தனிப்பட்ட முறையில வந்தது. தனிப்பட்ட முறையில எனக்கு ரொம்ப வருத்தம். ஆபீஸ் முறையில எனக்கு ஒண்ணும் தெரியாது."

பிறகு அவர், படிக்காதவனுக்கு விளக்குகிறோம் என்ற தாராளத்தோடு, விளக்கினார். பஞ்சநாதன் உயிர் போன இடம் பேரளம். பேரளம் தமிழ்நாடு. ஆலங்கரை புதுச்சேரி ராஜ்யம். ஆலங்கரையில் பிறப்பு இறப்பு எழுதுகிற இடத்துக்கு எத்தா சிவில் என்று பெயர், அதுவும் பிரெஞ்சுக்காரன் வைத்துவிட்டுப் போனதுதான். எல்லைக்குள்ளே பிறந்தவனையும் செத்தவனையும்தான் எத்தா சிவில் எழுதும்.

"அவரு எல்லை தாண்டிப் போனாரு. அதுவரைக்கும் எங்களுக்குத் தெரியும். அப்புறம் உள்ள வந்தது பொணம். பொணம் வந்ததை நாங்க மறுக்கல. ஆனா மெம்பர் வரல. ஆபீஸைப் பொறுத்தமட்டும் மெம்பர் வெளியூர் போயிருக்காரு."

"செத்துட்டாருன்னு பேரளத்துல எழுதிக் குடுத்திருக்காங்களே ஐயா."

"அந்த ராஜ்யத்துல செத்திருக்காரு. அது அவங்க பாடு. இங்க இன்னும் சாகல."

காத்தமுத்து தலையைச் சொறிந்தான். செத்தவருக்குப் பதில் ஆள் வேண்டுமே, அதற்கு எலெக்ஷன் உண்டா என்று கேட்டான். சிதம்பரநாதன் முகம் மலர்ந்துவிட்டது.

"உண்டான்னா? இடம் காலின்னு அறிவிச்ச நாள்லேர்ந்து ஆறு மாசத்துல இடைத்தேர்தல் நடத்தியே தீரணும். சட்டம் அவ்வளவு கண்டிப்பு. ஒரு நாள் தள்ள முடியாது. அதனாலதான் நாங்க அறிவிக்கவே இல்ல."

"அப்ப தாமதம் ஆவுதுங்களே ஐயா?"

"எங்க தாமதம்? ஆறு மாசம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே!"

காத்தமுத்து கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான். வாசலில் நின்று, சொன்னதையெல்லாம் மனதுக்குள் ஒருமுறை சொல்லிப்பார்த்தான். ஒவ்வொன்றும் சரியாகத்தான் இருந்தது. மொத்தமாகச் சேர்த்தால்தான் பைத்தியம் பிடிக்கும்போல இருந்தது.

விஷயம் என்னவென்றால், மன்றத்தில் தலைவர் பக்கம் நாலு பேர், எதிரணியில் நாலு பேர். ஒன்பதாவது ஆள் பஞ்சநாதன், இரண்டு பக்கமும் வீட்டுக்கு வந்து பல்லைக் காட்டும்படி நடுவில் உட்கார்ந்திருந்தவர். இடைத்தேர்தல் வைத்தால் வருகிறவன் எந்தப் பக்கம் சாய்வானோ யார் கண்டது? தலைவருக்கு நாற்காலி போய்விடுமோ என்று பயம். எதிரணிக்கு, தலைவர் அசைக்க முடியாமல் உட்கார்ந்துவிடுவாரோ என்று பயம். எந்தத் தீர்மானத்திலும் ஒத்துப்போகாத எட்டுப் பேரும், பஞ்சநாதன் உயிரோடு இருக்கிறார் என்பதில் மட்டும் ஒரே மனதாக இருந்தார்கள்.

ஆனாலும் ஒரு சிக்கல். தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வராத மெம்பர் பதவி இழப்பார் என்று ஒரு விதி. அதனால் ஒவ்வொரு கூட்டத்திலும் தலைவர் எழுந்து, பஞ்சநாதனுக்கு விடுப்பு கொடுக்கவேண்டும் என்பார். எதிரணித் தலைவர் எழுந்து வழிமொழிவார். விடுப்பு கிடைத்துவிடும்.

அப்படி ஒரு கூட்டத்தைக் காத்தமுத்து மன்றத்து ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தான். பஞ்சநாதனின் நாற்காலிக்கு முன்னாலும் பியூன் டீ கொண்டுவந்து வைத்தான், மரியாதை குறையக்கூடாதாம். ஈ மொய்த்தது. தெருவிளக்கை எந்தத் தெருவில் போடுவது என்பதில் நாலுக்கு நாலு என்று நின்றதும், தலைவர் காலி நாற்காலியைப் பார்த்து, "பஞ்சநாதன் எதிர்க்கவில்லை. ஆகவே தீர்மானம் நிறைவேறியது" என்றார். எதிரணித் தலைவர் துள்ளி எழுந்தார். "எதிர்க்கவில்லை என்றால் ஆதரித்தார் என்று அர்த்தமா? அவர் முகத்தில் எனக்கு ஆதரவு தெரியவில்லை!" அவர் முகம் எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. பஞ்சநாதனின் மௌனம் கோபமான மௌனமா, சம்மதமான மௌனமா என்று விளக்கு வைக்கும் நேரம் வரை சண்டை போட்டார்கள். கடைசியில் ஆறிப்போன டீயைப் பியூன் குடித்துவிட்டான். அன்று அந்த மன்றத்தால் பயன் அடைந்தவன் அவன் ஒருவன்தான்.

கலையும்போது காத்தமுத்து தலைவரை மடக்கினான். "ஐயா, எங்க வார்டுக்கு ஒரு எலெக்ஷன் வெச்சுடுங்கய்யா. தண்ணி கடலுக்குப் போயிட்டே இருக்கு. நாத்து முத்திப்போவுது."

அம்பலவாணன் சுற்றியிருந்தவர்களை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். ஐந்து பேர் நின்றால் போதும், அவருக்குப் பிரசங்கம் வந்துவிடும்.

"தேர்தல் என்பது ஜனநாயகத்தின் உயிர். உயிரை ஒரு மனிதன் எப்போது பார்த்தாலும் வெளியே எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பானா? உள்ளே பத்திரமாக வைத்திருக்கவேண்டும். இந்தக் கொம்யூனில் நாங்கள் அதை மிகவும் பத்திரமாக வைத்திருக்கிறோம். வெளியே தலைகாட்ட விடுவதில்லை!"

கைதட்டினார்கள். காத்தமுத்துவும் கூட்டத்தோடு கூட்டமாக இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, எதற்குத் தட்டினோம் என்று வீடு வரைக்கும் தன்னையே திட்டிக்கொண்டு போனான்.

அந்த வருஷம் நாற்று நாற்றங்காலிலேயே பழுத்துக் காய்ந்தது. காத்தமுத்து வரப்பில் உட்கார்ந்து பச்சைப் பிள்ளை மாதிரி அழுதான். அவன் பெண்டாட்டி ராசாத்தி அழவில்லை. நெடுங்காட்டில் அடுத்தவர் வயலில் நடவுக்குக் கூலிக்குப் போனாள். சொந்த நிலம் இருக்க ஊரான் நிலத்தில் குனிகிறோமே என்ற வயிற்றெரிச்சல் அவளுக்குள்ளே நின்று எரிந்துகொண்டிருந்தது.

மறுவருஷம் விடுப்பு கொடுத்துக் கொடுத்து மன்றத்துக்கே கொஞ்சம் கூச்சம் வந்துவிட்டதோ என்னவோ, மெம்பர் எப்போது திரும்புவார் என்று குடும்பத்தாரைக் கூப்பிட்டு விசாரிப்பதாக முடிவானது. பஞ்சநாதனின் மனைவி திரிபுரசுந்தரிக்கு ஆள் போயிற்று. அந்த அம்மாள் வெள்ளைப் புடவையோடு வந்து மன்றத்தின் நடுவில் நின்றாள். காத்தமுத்துதான் துணைக்கு வந்திருந்தான்.

"அம்மா, உறுப்பினர் எப்ப வருவாருன்னு சொன்னீங்கன்னா சௌகரியமா இருக்கும்" என்றார் தலைவர், குரலைத் தேனாக்கிக்கொண்டு.

"எப்ப வருவாரா?" அந்த அம்மாள் ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்தாள். "அன்னிக்குப் பாடையைப் புடிச்சுக்கிட்டு, அண்ணே போயிட்டியேன்னு கத்துனது நீங்கதானே? பாலைத் தெளிச்சு, அஸ்தியைக் கொண்டுபோய் கடல்ல கரைச்சுட்டு உக்காந்திருக்கேன் நான். என்னைக் கூப்புட்டு நடுச்சபையில நிக்க வெச்சு எப்ப வருவாருன்னா கேக்கறீங்க? வெக்கமா இல்ல? அவரு எங்க இருக்காருன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவ்வளவு வேணும்னா நீங்களே போய்ப் பாருங்க. ஒத்தையில போகாதீங்க, எட்டுப் பேரும் சேர்ந்தாப்புல போங்க!"

சொல்லிவிட்டு மடமடவென்று இறங்கிப் போய்விட்டாள். பிறகு கமிஷனர் தொண்டையைச் செருமிக்கொண்டு குறிப்பு எழுதினார்: "உறுப்பினரின் இருப்பிடம் குடும்பத்தாருக்குத் தெரிந்தே இருக்கிறது. மன்றத்தினர் அங்கு சென்று அவரைச் சந்திப்பதில் குடும்பத்தாருக்கு ஆட்சேபணை இல்லை. விடுப்பு நீட்டிக்கப்படுகிறது."

காத்தமுத்து இனி இவர்களை நம்பிப் பயனில்லை என்று முடிவு கட்டினான். வார்டு ஆட்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு, ஒரு பனைமரத்தை வெட்டிப் பிளந்து, தானே மதகில் பலகை போட்டான். தண்ணீர் தேங்கியது, கிளை வாய்க்காலில் ஏறியது. ராசாத்தி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வயலில் இறங்கி, கால் நனைய நனைய நடந்து பார்த்தாள். அந்தச் சந்தோஷம் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்தான். திங்கட்கிழமை கொம்யூன் ஆட்கள் கடப்பாரையோடு வந்து பலகையைப் பிடுங்கினார்கள். மதகு கொம்யூன் சொத்து. உத்தரவில்லாமல் கொம்யூன் சொத்தைப் பழுது பார்ப்பது குற்றம்.

காத்தமுத்துவை மன்றத்தில் நிறுத்தினார்கள். எந்த வார்டு ஆளை விசாரித்தாலும் அந்த வார்டு மெம்பர்தான் முதலில் கேள்வி கேட்கவேண்டும் என்பது முறை. "உறுப்பினர் பஞ்சநாதன் கேள்வி கேட்கலாம்" என்றார் தலைவர். எட்டுப் பேரும் காலி நாற்காலிப் பக்கம் திரும்பி, கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு காத்திருந்தார்கள். காத்தமுத்துவும் காத்திருந்தான். நேரம் போகப்போக அவனுக்கே, நாற்காலி ஏதாவது கேட்டுத்தொலைத்தால் பதில் சொல்லிவிட்டுப் போகலாமே என்று ஆகிவிட்டது.

"உறுப்பினர் ஏதும் கேட்க விரும்பவில்லை" என்றார் தலைவர் கடைசியில். காத்தமுத்துவைப் பார்த்து வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "பார்த்தியா? உன் சொந்த வார்டு மெம்பரே உனக்காக ஒரு வார்த்தை பேசலையே. இதுலேர்ந்தே உன்மேல தப்புன்னு தெரியலையா?"

பனம்பலகை பறிமுதல். அதை நாலு கால் வைத்து, மேரி வாசலில் மனு கொடுக்க வருகிறவர்கள் உட்கார பெஞ்சாகப் போட்டார்கள். அந்த வருஷச் சம்பாவும் போயிற்று.

இன்னும் சில வருஷம் இப்படியே கழிந்தது. எந்த அக்கிரமத்துக்கும் ஒரு முடிவு வருமில்லையா, மன்றத்தின் பதவிக் காலம் முடிந்தது. மன்றம் கலைந்த செய்தியைக் கேட்டதும் காத்தமுத்து கடைத்தெருவுக்கு ஓடி அல்வா வாங்கிவந்தான். "இனிமே எல்லா வார்டுக்கும் சேர்த்து எலெக்ஷன் வெச்சுத்தானே ஆவணும்? நம்ம வார்டுக்கும் ஆள் வந்துடும் புள்ள" என்று பெண்டாட்டி வாயில் ஊட்டினான். ராசாத்தி அல்வாவை மென்றாள்.

எலெக்ஷன் வரவில்லை. தனி அதிகாரி என்று ஒருவரை நியமித்தார்கள். அவர் யாரென்றால், அதே சிதம்பரநாதன்தான். நாற்காலி மட்டும் கொஞ்சம் உயரம்.

காத்தமுத்து போய் நின்றதும் அவர் எழுந்து வந்து அவன் தோளில் கையைப் போட்டார். "உனக்குச் சந்தோஷமா இருக்குமே! உங்க வார்டுக்கு மட்டும் மெம்பர் இல்லைன்னு எத்தனை வருஷமா வந்து அழுதே. சர்க்கார் அந்தப் பாகுபாட்டை நீக்கிடுச்சு. இப்ப எந்த வார்டுக்குமே மெம்பர் இல்ல."

"எல்லா இடமும் காலிங்கறப்ப எலெக்ஷன் வைக்கணும்ல ஐயா?"

"ஒரு இடம் காலின்னாத்தான் இடைத்தேர்தல். எல்லாம் காலின்னா அதுல இடை எங்க இருக்கு? பொதுத் தேர்தல்தான். அது வேணும்னு மன்றம் தீர்மானம் போட்டுக் கேக்கணும்."

"மன்றம்தான் இல்லையே."

"அதான்."

"மன்றம் வரணும்னா?"

"தேர்தல் நடத்தணும்" என்றார் சிதம்பரநாதன், சிறு குழந்தைக்குச் சோறூட்டுகிற பொறுமையோடு.

"அப்ப நீங்களே அதிகாரி. ஒரு பலகை போட உத்தரவு குடுங்க."

"எல்லாம் மன்றத்தோட சொத்துப்பா. நான் பாதுகாக்கத்தான் முடியும். தொட முடியாது. மன்றம் வந்து எங்க சொத்து எங்கேன்னு கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

காத்தமுத்து வீட்டுக்கு வந்து இதை அப்படியே சொன்னான். ராசாத்தி உலையை இறக்கி வைத்துவிட்டு எழுந்தாள். இத்தனை வருஷமாக அடக்கி வைத்திருந்த ஆத்திரம் அவள் குரலில் பொங்கியது.

"ஆளே இல்லாத மண்டபத்துக்கு என்னாத்துக்குங்க அவ்வளவு பெரிய கதவு? தேக்குக் கதவு, ரெட்டைக் கதவு! உள்ள எதைக் காப்பாத்துதாம்? கெளம்புங்க, கழட்டிட்டு வருவோம்!"

"ஜெயில்ல போட்டுருவானுவ, ராசாத்தி."

"போடட்டும். அங்கயாச்சும் வேளாவேளைக்குத் தண்ணி குடுப்பான்."

மறுநாள் காலையில் பட்டப்பகலில் வார்டு ஆட்கள் ஆறேழு பேர் மாட்டுவண்டியோடு மேரிக்குப் போனார்கள். தனி அதிகாரி புதுச்சேரிக்குப் போயிருந்தார், ஜனநாயகத்தைப் பற்றி ஏதோ மாநாடு. மன்றத்து வாசலில் இருந்த இரட்டைக் கதவில் ஒன்றைக் கீலிலிருந்து தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். பியூன் தடுக்கவில்லை. மன்றம் கலைந்த நாளிலிருந்து அவனுக்கு டீ இல்லை, மனசு விட்டுப்போயிருந்தது. கடைத்தெருவில், "என்னாங்க, மேரிக் கதவு ஊர்கோலம் போவுது?" என்று கேட்டவர்களுக்கு ராசாத்தி, "வேலைக்குப் போவுது. அந்தக் கட்டடத்துலேர்ந்து மொத மொதலா ஒண்ணு வேலைக்குப் போவுது" என்று பதில் சொன்னாள். ஓரத்தைக் கொஞ்சம் இழைத்து, பலகை செருகும் மதகுக் காடியில் இறக்கினார்கள். பிரெஞ்சுக்காரன் காலத்துத் தேக்கு, ஒரு சொட்டு கசியவில்லை. பொழுது சாய்வதற்குள் தண்ணீர் ஏறத் தொடங்கியது.

மூன்றாம் நாள் காத்தமுத்துவைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். சப்-இன்ஸ்பெக்டர் முகம்மது இப்ராஹிம் அதிகம் பேசாத மனிதர். சிதம்பரநாதன் எதிரே உட்கார்ந்து, கோபத்தில் காதுமடல் சிவக்க, வாயால் சொல்லிக்கொண்டே புகார் எழுதிக்கொண்டிருந்தார்.

"சரிங்க. பறிகொடுத்தது நீங்களா?" என்று கேட்டார் இப்ராஹிம்.

"நான் பாதுகாப்பவன். கதவு மன்றத்தின் சொத்து."

"அப்ப மன்றத்துலேர்ந்து ஒருத்தர் வரணுமே. கதவு எங்களோடதுன்னு நாளைக்குக் கோர்ட்டுல நின்னு சொல்லணும். மெம்பர் யாராச்சும் வரச் சொல்லுங்க."

"மெம்பர் யாரும் இல்லை."

"எப்ப வருவாங்க?"

"அது... தேர்தல் நடந்தா வருவாங்க."

"அப்ப நடத்திட்டுச் சொல்லுங்க. கேஸைப் பதிஞ்சு வெக்கறேன். கோர்ட்டுல கேட்டா, மன்றம் வர்றதுக்குத் தேர்தல் நடத்தச் சொல்லி எழுதுவேன். அதைத் தவிர வழியில்ல."

சிதம்பரநாதனின் பேனா நின்றது. காத்தமுத்துவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை வருஷம் எந்த வாசலில் நின்று கெஞ்சியும் கிடைக்காதது, திருட்டுக் கேஸில் கிடைக்கிறது! அவன் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு முன்னால் ஓடினான்.

"எழுதிக்குங்க ஐயா! நாந்தான் கழட்டினேன். நானே வண்டியில ஏத்தினேன். எத்தனை வருஷம்னாலும் உள்ள கெடக்கறேன். சாட்சி வேணும்னா கடைத்தெருவே வந்து சொல்லும். கேஸை மட்டும் விட்டுடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்!"

சிதம்பரநாதன் எழுதின காகிதத்தை மெதுவாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எழுந்தார். முகத்தில் ஒரு தியாகியின் சாந்தம் வந்திருந்தது.

"பொதுமக்கள்மேல் கேஸ் போடுவது நிர்வாகத்துக்கு அழகல்ல. புகார் எதுவும் இல்லை, சார்."

"கதவு?"

"ஒரு கதவுதானே. போனால் போகிறது."

காத்தமுத்து பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடினான். "ஐயா, ஐயா! நான் திருடன்யா! புடிச்சுக் குடுங்கய்யா!" சிதம்பரநாதன் திரும்பிப் பார்க்கவில்லை. ஜீப் ஏறிப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஸ்டேஷனுக்கு எதிரே புளியமரத்து நிழலில் ராசாத்தி சோற்றுத் தூக்கோடு நின்றிருந்தாள். புருஷன் கையை வீசிக்கொண்டு வெளியே வருவதைப் பார்த்ததும் அவளுக்குப் போன உயிர் திரும்பியது. "விட்டுட்டாங்களா? மாரியாத்தா காப்பாத்துனா. வயல்ல கணுக்கால் அளவுக்குத் தண்ணி நிக்குதுங்க."

காத்தமுத்துவின் முகத்தில் சந்தோஷம் இல்லை. மண்ணில் குந்தி உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான்.

"ஒரு எலெக்ஷன் வெக்கறதுக்குப் பயந்துக்கிட்டு, வாசக்கதவையே வேணாம்னுட்டுப் போறான் புள்ள, பாவி!"

ராசாத்தி தூக்கைத் தரையில் வைத்து, அவன் தோளைப் பிடித்து எழுப்பினாள்.

"போவட்டும் விடுங்க. இன்னொரு கதவு அங்கதானே இருக்கு, அடுத்த மதகுக்கு ஆவும். எழுந்திரிங்க, நடவுக்கு ஆள் சொல்லணும்."